கார்டு வாங்கறதுக்கு முன்னாடி மானிட்டரைத் திருப்பிப் பாருங்க

செமஸ்டர் லீவு நெருங்கினாலே நம்ம டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அண்ணா, வீட்ல 25,000 தர்றேன்னு சொல்லிட்டாங்க. எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" கேள்வி வந்த அஞ்சு நிமிஷத்தில் பத்து பேர் பத்து மாடல் பெயரைப் போட்டுவிடுவார்கள். சண்டையும் ஆரம்பிச்சிடும். ஆனால் கேட்டவனைத் திருப்பி, "உன்கிட்ட இருக்கிற மானிட்டர் என்னடா?" என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கார்டு வாங்கினால் ரெண்டில் ஒன்று நடக்கும். கார்டு வரைகிற படத்தில் பாதியை மானிட்டர் காட்டவே காட்டாது. கொடுத்த காசில் பாதி வீண். இல்லையென்றால், மானிட்டர் கேட்கிற அளவுக்குக் கார்டால் வரைய முடியாது. கேம் திக்கித் திக்கி ஓடும். நம்மில் பலர் வீட்டில் அந்த 25,000 தறியில் உட்கார்ந்தோ, ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஷிப்டில் நின்றோ சேர்த்த பணம். அதனால் இதை நிதானமாகவே பார்ப்போம்.

திருமுக்கூடல் போயிருக்கீங்களா? பழையசீவரத்துக்கு எதிர்க்கரை. பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் கூடுகிற இடம். மூணு ஆறு கூடினால் தண்ணீர் கூடும். கம்ப்யூட்டரில் கணக்கு வேற. கார்டு, கேபிள், மானிட்டர் மூணும் கூடுகிற இடத்தில், எது ரொம்பச் சின்னதோ அதன் அளவுதான் உங்கள் கண்ணுக்கு வந்து சேரும். இந்த ஒரு வரி புரிந்தால் கட்டுரையில் பாதி முடிஞ்சது. மீதிப் பாதி, எது சின்னது என்று கண்டுபிடிக்கிற வேலை.

மானிட்டரும் ஒரு தறிதான்

காஞ்சிபுரம் தறிகளின் மேலே ஜக்கார்டு பெட்டியைப் பார்த்திருப்பீங்க. 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறை. ஓட்டை போட்ட அட்டைகளை மாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஓர் அட்டை வந்து நிற்கும்போது, ஓட்டை உள்ள இடத்துக் கொக்கி மேலே போகும். அதில் கட்டிய பாவு நூலும் கூடவே எழும்பும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். இடையில் ஊடை பாயும். ஓர் அட்டைக்கு ஒரு வரி. அடுத்த அட்டை வந்தால் அடுத்த வரி.

டிசைன் போடுகிறவர் இதைக் கட்டம் போட்ட கிராப் தாளில்தான் வரைவார். பெட்டியில் 240 கொக்கி இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. அப்போ அகலத்தில் 240 கட்டம்தான். 480 கட்டத்துக்கு ஓர் அன்னப்பட்சி வரைந்து கொண்டுவந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் தறியில் ஏறாது. பாதியாகச் சுருக்கித்தான் ஆகணும். சுருக்கினால் இறகு ஒட்டிக்கொள்ளும், மூக்கு மழுங்கிவிடும்.

ஃப்ளாட் பேனல் மானிட்டரும் அப்படித்தான். பேனலில் எத்தனை புள்ளி என்பது ஃபேக்டரியிலேயே முடிவாகிவிட்டது. ஃபுல் ஹெச்டி என்றால் அகலத்தில் 1920, உயரத்தில் 1080. நீங்கள் என்ன கார்டு மாட்டினாலும் அது 1921 ஆகாது. பழைய பெட்டி மானிட்டரில் இந்தக் கறார் கிடையாது. எலக்ட்ரான் கற்றை கண்ணாடியில் வரைந்துகொண்டே போவதால், பல ரெசல்யூஷன்களை ஓரளவு ஒரே தரத்தில் காட்டும். எல்சிடி வந்ததும் அந்த வசதி போச்சு.

அதனால்தான் 1920×1080 மானிட்டரில் கேமை 1280×720-ல் ஓடவிட்டால் எழுத்தெல்லாம் கலங்கினாற்போல் இருக்கும். 1280-ஐ 1920 ஆக்க ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றரைப் புள்ளியாக இழுக்கணும். அரைப் புள்ளி என்று பேனலில் ஒன்று இல்லை. அக்கம்பக்கத்து நிறங்களைக் கலந்து ஒப்பேத்துவார்கள். அதுவே 4கே மானிட்டரில் 1080 படத்தைக் காட்டினால் ஒரு புள்ளி சரியாக 2×2 புள்ளியாக விரியும். முழு எண் என்பதால் சேதாரம் குறைவு.

முதலில் மூணு விஷயம் எழுதி வைங்க

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போங்க. இப்போ எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ் என்று காட்டும். பிறகு மானிட்டரைத் திருப்பி, பின்னால் ஒட்டிய ஸ்டிக்கரில் மாடல் நம்பரைப் பார்த்து, கம்பெனி தளத்தில் தேடுங்க. எழுத வேண்டியவை மூணு:

ஒன்று, ரெசல்யூஷன். எத்தனை புள்ளி.
ரெண்டு, ரெஃப்ரெஷ் ரேட். செகண்டுக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கும். இதைத்தான் ஹெர்ட்ஸ் என்கிறார்கள்.
மூணு, பின்னால் என்னென்ன போர்ட். விஜிஏ, டிவிஐ, ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட். எந்தப் போர்ட்டில் எத்தனை ஹெர்ட்ஸ் வரைக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்க. அது மேனுவலில் இருக்கும்.

கடைக்குப் போகும்போது இந்தச் சீட்டு கையில் இருந்தால் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் குழம்ப மாட்டீங்க.

கோடிக் கணக்கு

இப்போ ஒரு பெருக்கல். மொத்தப் புள்ளியை ஹெர்ட்ஸால் பெருக்கினால், மானிட்டர் ஒரு செகண்டில் எத்தனை புள்ளியைக் காட்டும் என்பது கிடைக்கும். மானிட்டர் முழுசாகப் பயன்படணும் என்றால் கார்டு அத்தனை புள்ளியை வரைந்து தரணும்.

1366×768, 60 ஹெர்ட்ஸ்: சுமார் 6.3 கோடி
1920×1080, 60 ஹெர்ட்ஸ்: சுமார் 12.4 கோடி
1920×1080, 144 ஹெர்ட்ஸ்: சுமார் 29.9 கோடி
3840×2160, 60 ஹெர்ட்ஸ்: சுமார் 49.8 கோடி
2560×1440, 144 ஹெர்ட்ஸ்: சுமார் 53.1 கோடி

கடைசி ரெண்டு வரியைக் கவனிங்க. 4கே என்றால்தான் பெரிய பாரம் என்று நினைப்போம். ஆனால் 1440-ல் 144 ஹெர்ட்ஸ் என்பது 4கே 60 ஹெர்ட்ஸை விடவும் கொஞ்சம் அதிகம். "மானிட்டர் சின்னதுதானே" என்று அங்குல அளவைப் பார்த்துக் கார்டு வாங்கக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம். 24 அங்குலமோ 32 அங்குலமோ, புள்ளி ஒரே எண்ணிக்கை என்றால் கார்டுக்கு வேலை ஒன்றுதான்.

அங்குலம் வேற இடத்தில் முக்கியம். 24 அங்குல ஃபுல் ஹெச்டியில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளி. அதே ஃபுல் ஹெச்டியை 27 அங்குலத்துக்கு விரித்தால் சுமார் 82. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் எழுத்தில் பிசிறு தெரியும். 27 அங்குலத்தில் 2560×1440 என்றால் சுமார் 109. இது கண்ணுக்கான கணக்கு, கார்டுக்கான கணக்கு இல்லை. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

இன்னொரு நுணுக்கம். ரெசல்யூஷன் ஏறினால் பாரம் பெரும்பாலும் கார்டின் தலையில் விழும். ஹெர்ட்ஸ் ஏறினால் கார்டோடு சேர்த்து சிபியு தலையிலும் விழும். ஏனென்றால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே போகிறது, கார்டு எதை எதை வரையணும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது சிபியு. 60 ஹெர்ட்ஸில் இதற்கு ஃப்ரேமுக்கு 16.7 மில்லி செகண்டு நேரம் இருக்கு. 144 ஹெர்ட்ஸில் 6.9 மில்லி செகண்டுதான். பழைய சிபியு அந்த வேகத்துக்கு வராவிட்டால், எவ்வளவு பெரிய கார்டு மாட்டினாலும் அது கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

யார் தடுக்கிறார் என்று கண்டுபிடிக்க, காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கு. இப்போ இருக்கிற சிஸ்டத்திலேயே நீங்கள் ஆடுகிற கேமைத் திறந்து ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைங்க. எஃப்பிஎஸ் நல்லா ஏறினால், இதுவரை தடுத்தது கார்டு. கார்டு மாற்றினால் பலன் உண்டு. எஃப்பிஎஸ் அப்படியே நின்றால், தடுப்பது சிபியு. அப்போ கார்டுக்கு ஒதுக்கிய பணத்தை அங்கே திருப்புங்க. ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்னாலேயே இதைச் செய்யலாம் என்பதுதான் இதன் அருமை.

மெமரி பற்றியும் ஒரு வார்த்தை. "பெரிய திரைக்குப் பெரிய மெமரி வேணும்" என்பார்கள். ஃபுல் ஹெச்டியில் ஒரு ஃப்ரேம் பிடிக்கிற இடம் சுமார் 8.3 எம்பி. 4கே-வில் சுமார் 33 எம்பி. கார்டில் இருப்பதோ 4 ஜிபி, 8 ஜிபி. ஆக மெமரியை நிரப்புவது திரை மட்டும் இல்லை. சுவர், மண், துணி, முகம் என்று கேம் ஏற்றி வைக்கிற டெக்ஸ்ச்சர்கள்தான் பெரும்பங்கு. புதுப் பெரிய கேம்கள் ஆடுவீங்க என்றால் ஃபுல் ஹெச்டிக்கே 8 ஜிபி பார்த்து வாங்குவது நல்லது.

படம் ஏன் கிழியுது?

மானிட்டரும் தறி மாதிரியே மேலிருந்து கீழே வரி வரியாகத்தான் படத்தை எழுதுகிறது. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது கார்டு அடுத்த ஃப்ரேமை நீட்டினால் என்ன ஆகும்? மேல் பாதி பழைய படம், கீழ்ப் பாதி புதுப் படம். நெய்துகொண்டிருக்கும்போது பாதியில் வேற டிசைன் அட்டையை மாட்டியது போல. திரை குறுக்கே வெட்டினாற்போல் ஒரு கோடு தெரியும். இதுதான் டியரிங்.

இதைத் தவிர்க்க மூணு வழி இருக்கு.

முதல் வழி வி-சிங்க். மானிட்டர் ஒரு படத்தை எழுதி முடிக்கும் வரை கார்டு காத்திருக்கும். கிழிசல் போகும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கார்டு 16.7 மில்லி செகண்டைக் கொஞ்சம் தவறவிட்டாலும் அடுத்த முறை வரும் வரை நிற்கணும். 55 எஃப்பிஎஸ் வரக்கூடிய இடத்தில் சட்டென்று 30-க்கு விழும்.

ரெண்டாவது வழி, எஃப்பிஎஸ்-க்கு ஒரு வரம்பு போடுவது. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 200 எஃப்பிஎஸ் ஓட்டினால் 140 படம் முழுசாகக் கண்ணில் படாது. மவுஸ் அசைவு திரைக்கு வருவது கொஞ்சம் சீக்கிரமாகும், உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை சூடும் சத்தமும் கரன்ட் பில்லும். வரம்பு போட்டால் கிழிசல் முழுசாகப் போகாது, ஆனால் கார்டு நிம்மதியாக இருக்கும்.

மூணாவது வழிதான் சிறந்தது. மானிட்டரே காத்திருப்பது. அடுத்த படம் தயாரானதும் திரை புதுப்பிக்கும். என்விடியா இதை ஜி-சிங்க் என்ற பெயரில் 2013-ல் அறிவித்தது. அப்போது அதற்கு மானிட்டருக்குள் தனி சிப் தேவைப்பட்டது, விலையும் அதிகமாக இருந்தது. 2014-ல் டிஸ்ப்ளேபோர்ட் தரத்திலேயே அடாப்டிவ் சிங்க் சேர்ந்தது. அதை வைத்து ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-ல் வந்தன. 2019 ஜனவரியில் என்விடியாவும் இறங்கி வந்து, 10 சீரிஸ் முதல் தன் கார்டுகளை டிஸ்ப்ளேபோர்ட் வழியாக இந்த மானிட்டர்களோடு வேலை செய்ய விட்டது. அதனால் "என்விடியா கார்டு வாங்கினால் ஜி-சிங்க் மானிட்டர்தான் வாங்கணும்" என்று இன்னும் யாராவது சொன்னால், அது பழைய கதை.

ஸ்பெக் ஷீட்டில் அடாப்டிவ் சிங்க் எல்லையையும் பாருங்க. 48 முதல் 144 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் நல்ல இடைவெளி. 48 முதல் 75 என்று இருந்தால், உங்கள் கார்டு 40-க்கு இறங்கும்போது இந்த வசதி கைவிட்டுவிடும். சாதாரண கார்டு வைத்திருப்பவருக்குத்தான் இந்த வசதி அதிகம் தேவை. அவருக்குத்தான் கீழ் எல்லை முக்கியம்.

கேபிள் சின்ன விஷயம் இல்ல

கார்டும் மானிட்டரும் பொருத்தமாக இருந்து, நடுவில் கேபிள் சொதப்புவது அடிக்கடி நடக்கும். புள்ளிக் கணக்கை 24 பிட்டால் பெருக்கினால் கேபிளில் போகவேண்டிய அளவு வரும். ஃபுல் ஹெச்டி 60 ஹெர்ட்ஸுக்கு சுமார் 3 ஜிகாபிட். 1440-ல் 144 ஹெர்ட்ஸுக்கு சுமார் 12.7 ஜிகாபிட். 4கே 144 ஹெர்ட்ஸுக்கு சுமார் 28.7. வரிகளுக்கு நடுவே விடுகிற இடைவெளிக்கு மேலே கொஞ்சம் சேர்த்துக்கணும்.

இப்போ குழாயின் அளவைப் பாருங்க. ஹெச்டிஎம்ஐ 1.4-ல் படத்துக்குக் கிடைப்பது 8.16 ஜிகாபிட். ஹெச்டிஎம்ஐ 2.0-ல் 14.4. டிஸ்ப்ளேபோர்ட் 1.2-ல் 17.28. டிஸ்ப்ளேபோர்ட் 1.4-ல் 25.92. ஹெச்டிஎம்ஐ 1.4 போர்ட் உள்ள மானிட்டரில் 1440 படத்தை 144 ஹெர்ட்ஸில் அனுப்பவே முடியாது. கார்டு எவ்வளவு விலை என்பது அங்கே பேச்சே இல்லை. சில 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் ஹெச்டிஎம்ஐ வழியாகப் போனால் அதைவிடக் குறைந்த ஹெர்ட்ஸ்தான் வரும். முழு வேகம் டிஸ்ப்ளேபோர்ட்டில் மட்டும். பெட்டியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளை மட்டும் கொடுத்திருந்தால், நாம் அதையே மாட்டிவிட்டு "144 எங்கடா?" என்று தேடிக்கொண்டிருப்போம்.

"ஹெச்டிஎம்ஐ 2.1" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீங்க. அந்தத் தரத்தின் விதிப்படி, பழைய 2.0 அளவுக்கு மட்டுமே ஓடுகிற சாதனத்துக்கும் 2.1 என்று பெயர் போட இடம் இருக்கு. பெயரை விடுங்க, எந்த ரெசல்யூஷனில் எத்தனை ஹெர்ட்ஸ் என்ற வரியைத் தேடுங்க.

வீட்டில் விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் இருக்கா? அப்போ உஷார். என்விடியா 10 சீரிஸ் முதல் கார்டிலிருந்து அனலாக் சிக்னல் வெளியே வருவதே இல்லை. டிவிஐ-க்கு மாட்டுகிற அந்தச் சின்ன மலிவு அடாப்டர் வேலை செய்யாது. டிஜிட்டலை அனலாகாக மாற்றுகிற சிப் உள்ள கன்வர்ட்டர் வேணும். ஓடும்தான். ஆனால் உண்மையைச் சொல்லணும் என்றால், அந்த மானிட்டருக்குப் புதுக் கார்டு வாங்குவதைவிட, கையில் இருக்கிற பணத்தைப் பிரித்து மானிட்டரை மாற்றுவது புத்திசாலித்தனம்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்குத் தருகிற மின்சாரம் 75 வாட். ஆறு பின் கேபிள் இன்னொரு 75. எட்டு பின் கேபிள் 150. உங்கள் எஸ்எம்பிஎஸ்-ஸில் அந்தக் கேபிள் இருக்கான்னு கேபினெட்டைத் திறந்து பாருங்க. இல்லையென்றால் ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 மாதிரி, 75 வாட்டுக்குள் அடங்குகிற கார்டுதான். அதிலும் சில 1650 மாடல்கள் ஆறு பின் கேட்கும். படத்தைப் பார்த்து வாங்குங்க. ஆபீஸில் கழித்துவிட்ட சின்ன கேபினெட் சிஸ்டம் என்றால் கார்டின் உயரமும் குறைவாக இருக்கணும்.

ஒப்பிட்டுப் பார்க்க: ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். இது கார்டு மட்டும். சிபியு, மானிட்டர் தனி.

நம்ம ஊரில் இன்னொரு ஆளையும் கணக்கில் சேர்க்கணும்: யுபிஎஸ். 600 விஏ என்று எழுதிய பல வீட்டு யுபிஎஸ்கள் 360 வாட் வரைதான் தாங்கும். 170 வாட் கார்டு, சிபியு, மானிட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடும்போது கரன்ட் போனால், அது பீப் அடிக்கக்கூட நேரம் இல்லாமல் அணைந்துவிடலாம். மழைக்காலத்தில் ப்ராஜெக்ட் ஃபைல் போகும்.

பழைய மதர்போர்டு என்றால் ஸ்லாட் தலைமுறையையும் பாருங்க. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு ஸ்லாட்டின் நாலு லேனை மட்டுமே பயன்படுத்தும். புது 4.0 ஸ்லாட்டில் சமாளிக்கும், பழைய 3.0 ஸ்லாட்டில் அந்த நாலு லேனின் வேகமும் பாதியாகிவிடும். மெமரியும் 4 ஜிபிதான் என்பதால் அடி நல்லாவே தெரியும்.

மூணு பேர், மூணு பதில்

ஒருவர் வீட்டில் பட்டுப் புடவை டிசைன் வேலை. கிராப் தாளில் வரைந்ததை இப்போ கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் போடுகிறார்கள். இங்கே ஒரு டிசைனில் இருக்கிற நிறங்களோ கொஞ்சம்; எல்லாம் ரெண்டு பரிமாணக் கட்டங்கள். சிபியுவோடு வருகிற கிராபிக்ஸே தாராளம். கார்டுக்கு ஒரு ரூபாய் வேண்டாம். பணம் முழுக்க மானிட்டருக்கு. ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி நிறங்களை முழுசாகக் காட்டுவது, புள்ளி நெருக்கமாக இருப்பது. மலிவான டிஎன் பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே அரக்கு வேற நிறமாகத் தெரியும். மயில்கழுத்து நிறத்தைத் திரையில் பார்த்து முடிவு செய்துவிட்டு, நூலில் வேறாக வந்தால் யார் பொறுப்பு? ரெசல்யூஷனும் பேனலின் சொந்த ரெசல்யூஷனாகவே இருக்கணும். இல்லையென்றால் ஒரு கட்டம் ஒன்றரைக் கட்டமாகத் தெரிந்து, எண்ணுகிறவர் கண் ஏமாறும்.

ரெண்டாவது ஆள் வேலரன்ட், சிஎஸ் மாதிரி கேம் ஆடுகிறவர். இந்த கேம்கள் கார்டிடம் அதிகம் கேட்பதில்லை. 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு பெரிய கார்டு வாங்குவதைவிட, ஃபுல் ஹெச்டியில் 144 ஹெர்ட்ஸ், அடாப்டிவ் சிங்க் உள்ள மானிட்டரும் நடுத்தரக் கார்டும் வாங்குவது கையில் தெரிகிற மாற்றம். சிபியு ஈடுகொடுக்குதா என்று மேலே சொன்ன சோதனையைச் செய்துவிட்டு இறங்குங்க. கதை சொல்கிற பெரிய கேம்கள் பிடிக்கும் என்றால் கார்டுக்குப் பங்கைக் கூட்டுங்க. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் மாதிரி வசதிகள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் கொடுக்கும். மானிட்டர் செய்கிற சாதாரண இழுப்பை விட இது பல மடங்கு சுத்தம்.

மூணாவது ஆள் நம்ம மாதிரி ஃபைனல் இயர். பிளெண்டர் ரெண்டரிங், மெஷின் லேர்னிங் ப்ராஜெக்ட். இங்கே வேலை திரைக்கு வருவதே இல்லை. கார்டு கணக்குப் போட்டு ஃபைலில் எழுதி வைக்கிறது. 75 ஹெர்ட்ஸோ 144 ஹெர்ட்ஸோ, மாடல் ட்ரெயினிங் ஒரு நிமிஷம்கூடக் குறையாது. பார்க்க வேண்டியது குடா வேலை செய்யுமா, மெமரி எவ்வளவு என்பது. 12 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, 8 ஜிபி உள்ள புது ஆர்டிஎக்ஸ் 4060-ஐ விட கேமில் பின்தங்கினாலும், பெரிய மாடலை ஏற்றுகிற இடத்தில் முந்தும். இருக்கிற மானிட்டரே போதும். ப்ராஜெக்ட் ஒரு செமஸ்டரோடு முடியும் என்றால் இலவச கோலாபில் முயன்று பார்த்துவிட்டு, பத்தாவிட்டால் மட்டும் கார்டு பற்றி யோசிங்க.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: கார்டை மாற்ற முடியாது. வெளி மானிட்டர் மட்டும் உங்கள் கையில். லேப்டாப்பில் உள்ள ஹெச்டிஎம்ஐ போர்ட் எத்தனை ஹெர்ட்ஸ் வரை தரும் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேலே உள்ள மானிட்டருக்குக் காசு கொடுக்காதீங்க.

செகண்ட் ஹேண்ட்

2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் தன் முறையை மாற்றியதும், கார்டு வைத்து அதை மைனிங் செய்வது நின்றது. அப்போது ஓய்ந்த கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன. இன்னும் கைமாறிக்கொண்டிருக்கு. வாங்கவே கூடாது என்றில்லை. ஓடவிட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பதினைந்து நிமிஷம் கனமான கேம் ஒன்றை ஓட்டச் சொல்லுங்க. ஃபேன் சத்தம், சூடு, திரையில் நிறப்புள்ளி எதுவும் சிதறுதா என்று பாருங்க. மானிட்டர் பக்கம் நீங்கள் எந்தப் போர்ட்டைப் பயன்படுத்தப் போகிறீர்களோ, அதே வகைப் போர்ட்டில்தான் சோதிக்கணும். கார்டில் நாலு போர்ட் இருந்தால் நாலையும் மாட்டிப் பாருங்க.

மாட்டிய பிறகு

நல்ல கார்டு, நல்ல மானிட்டர், சரியான கேபிள் எல்லாம் இருந்தும் பலர் முழுப் பலனைப் பார்க்காமல் இருப்பது இந்த நாலு சின்ன வேலையால்.

கேபிளை மதர்போர்டு போர்ட்டில் மாட்டாதீங்க. கீழே, கார்டின் போர்ட்டில் மாட்டுங்க. மதர்போர்டில் மாட்டினாலும் படம் வரும் என்பதுதான் இதில் உள்ள வம்பு.

விண்டோஸ் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே நிற்கும். அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேவில் போய் நீங்களே 144-ஐத் தேர்ந்தெடுக்கணும்.

அடாப்டிவ் சிங்கை ரெண்டு இடத்தில் ஆன் பண்ணணும்: மானிட்டர் மெனுவில் ஒரு முறை, கார்டின் டிரைவரில் ஒரு முறை.

எஃப்பிஎஸ் வரம்பை மானிட்டர் ஹெர்ட்ஸுக்கு ரெண்டு மூணு கீழே வைங்க. 144-க்கு 141 போல. அப்போதான் அடாப்டிவ் சிங்க் எல்லைக்குள்ளேயே ஓடும்.

இனி குரூப்பில் யாராவது "எந்த கார்டு வாங்கலாம்?" என்று கேட்டால் மாடல் பெயரைப் போடும் முன்னால் நாலு கேள்வி கேளுங்க. மானிட்டர் எத்தனை புள்ளி, எத்தனை ஹெர்ட்ஸ்? பின்னால் என்ன போர்ட்? சிபியு, எஸ்எம்பிஎஸ் என்ன? இதை வைத்து என்ன வேலை செய்யப் போறே? நாலுக்கும் பதில் வந்த பிறகு, பல நேரம் கார்டே வேண்டாம் என்று முடிவாகும். அதுவும் நல்ல முடிவுதான். அந்த 25,000-ஐ அப்பாவிடமே திருப்பிக் கொடுத்தால், அவர் ஒன்றும் கோவிச்சுக்க மாட்டார்.